இருபது கிலோ இயந்திரக் கரம்: தேர்வும் செலவும்

தொழிற்சாலைகளில் மனிதக் கையின் வேலையைச் செய்யும் இயந்திரக் கரம் நம் நாட்டுக்குப் புதியதன்று. எனினும் அண்மை ஆண்டுகளில் அது பரவி வரும் வேகம் கவனிக்கத்தக்கது. சர்வதேச ரோபோடிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் 8,510 இயந்திரக் கரங்கள் புதிதாக நிறுவப்பட்டன. 2024ஆம் ஆண்டில் இத்தொகை 9,123 ஆக உயர்ந்தது. அவ்வாண்டில் உலகெங்கும் நிறுவப்பட்டவை ஏறத்தாழ 5 லட்சத்து 42 ஆயிரம். அவற்றுள் சீனா மட்டுமே 2 லட்சத்து 95 ஆயிரம் கரங்களை நிறுவியது. ஆண்டு நிறுவலில் நாம் உலகில் ஆறாம் இடத்தில் இருக்கிறோம் என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நம்மைவிட முப்பது மடங்குக்கும் மேல் நிறுவிய அண்டை நாடு ஒன்று உண்டு என்பதையும் உடன் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் நிறுவப்படும் கரங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை மோட்டார் வாகனத் தொழிலுக்குச் செல்கின்றன. ஒரே ஆண்டில் நூறு கரங்கள் வாங்கும் அத்தகைய நிறுவனங்களுக்குத் தேர்வு பெரிய சிக்கலாக இருப்பதில்லை. அவர்களிடம் அனுபவம் இருக்கிறது, தனிப் பொறியாளர் குழு இருக்கிறது. சிக்கல் எழுவது, முதன்முறையாக ஒன்றோ இரண்டோ வாங்க முற்படும் பொதுத்துறைத் தொழிற்கூடத்திலும், தொழிற்பயிற்சி நிலையத்திலும், சிறு தொழில் கூட்டமைப்பிலுமே. அங்கே பொறியாளர் ஒரு பட்டியலைத் தயாரிக்கிறார். கொள்முதல் அதிகாரி அதை ஒப்பந்தப்புள்ளியாக்குகிறார். நிதி அதிகாரி விலையைப் பார்க்கிறார். மூவரும் தத்தம் கடமையைச் சரிவரச் செய்த பின்னரும் தவறான இயந்திரம் வந்து இறங்கக் கூடும். அது எவ்வாறு நேர்கிறது என்பதை, 20 முதல் 25 கிலோகிராம் வரை சுமைதிறன் கொண்ட நடுத்தரக் கரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே முகம் கொண்ட நால்வர்

சுமைதிறனில் ஏறத்தாழ ஒத்த நான்கு கரங்களின் விவர ஏடுகளை மேசை மீது விரித்து வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். ஜப்பானின் ஃபனுக் நிறுவனத்து எம்-20ஐடி/25, 25 கிலோகிராம் தூக்கும். 1,831 மில்லிமீட்டர் எட்டும். அதே நாட்டின் யஸ்காவா நிறுவனத்து ஜிபி25, அதே 25 கிலோகிராம் தூக்கும். 1,730 மில்லிமீட்டர் எட்டும். ஜெர்மனியில் தோன்றிய கூக்கா நிறுவனத்தின் கேஆர் 20 ஆர்1810, 20 கிலோகிராம் தூக்கி 1,813 மில்லிமீட்டர் எட்டுகிறது. சுவீடனில் வேரூன்றிய ஏபிபி நிறுவனத்தின் ஐஆர்பி 2600 வகையில் 20 கிலோகிராம் தூக்கும் கரம் 1,650 மில்லிமீட்டர் எட்டுகிறது. நான்கிற்கும் ஆறு அச்சுகள். நான்கும் கால் டன் எடையை ஒட்டியவை. ஜப்பானியக் கரங்கள் இரண்டும் மீள்துல்லியம் 0.02 மில்லிமீட்டர் என்கின்றன. ஐரோப்பியக் கரங்கள் இரண்டும் 0.04 என்கின்றன.

இந்த எண்களைப் பார்த்தவுடன், ஏறுவரிசையில் அடுக்கி, மதிப்பெண் இட்டு, கூட்டிப் பார்த்து முடிவு காணலாம் என்று தோன்றுவது இயல்பு. தேர்வுக் குழுக்கள் பலவற்றில் நடப்பதும் இதுவே. ஆனால் இவ்வெண்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அளக்கப்பட்டவை. அந்நிபந்தனைகளை நம் வேலையோடு பொருத்திப் பாராமல் எண்களை மட்டும் ஒப்பிடுவதில் பயன் இல்லை.

சுமை என்பது எடை மட்டுமன்று

25 கிலோகிராம் தூக்கும் என்று ஏடு சொல்லும்போது, அது நாம் தூக்க விரும்பும் பொருளின் எடை அன்று. மணிக்கட்டின் நுனியில் பொருத்தப்படும் அனைத்தின் எடையுமாகும். கிரிப்பர் எனப்படும் பற்றுக்கருவி, அதன் காற்றுக் குழாய்கள், தாங்குதகடு, பொருள் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். பற்றுக்கருவி பல வேளைகளில் பொருளைவிடக் கனமானது.

இதைவிட முக்கியமானது, அந்த எடை மணிக்கட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. ஒரு வாளித் தண்ணீரை உடலோடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை யாவரும் அறிவர். இயந்திரக் கரத்தின் மணிக்கட்டுக்கும் அதே விதிதான். எடையையும் தொலைவையும் பெருக்கி வரும் திருப்புத்திறனுக்கு ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. 25 கிலோகிராம் வகைக் கரங்களில் ஐந்தாம் அச்சுக்கு 52 நியூட்டன்-மீட்டர் என்பது வழக்கமான அளவு. 20 கிலோகிராம் வகையில் இது இன்னும் குறையும். வேகமாகச் சுழற்றி நிறுத்தும்போது எழும் நிலைமத் திருப்புத்திறனுக்கும் தனி வரம்பு உண்டு. இவை விவர ஏட்டின் முதற்பக்கத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. உள்ளே, சிறு எழுத்தில், ஒரு வரைபடத்தோடு இருக்கும்.

இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பொதுத்துறைத் தொழிற்கூடத்தின் கொள்முதல் குழுவில் நிதி உறுப்பினராக இருந்தேன். கடைசல் இயந்திரத்தில், அதாவது லேத்தில், வார்ப்பிரும்பு வட்டுகளை ஏற்றி இறக்குவதற்கு ஓர் இயந்திரக் கரம் தேவைப்பட்டது. வட்டின் எடை நாலரை கிலோகிராம். பொறியாளர்கள் 35 கிலோகிராம் சுமைதிறனுள்ள கரம் வேண்டும் என்று எழுதியிருந்தனர். நாலரை கிலோகிராம் பொருளுக்கு முப்பத்தைந்து கிலோகிராம் கரமா என்று நான் வினவினேன். தேவைக்கு மிஞ்சிய சிறப்பம்சங்களைச் சேர்த்து வீண் செலவுக்கு இடமளிக்கக் கூடாது என்னும் பொது நிதி விதியை எடுத்துக்காட்டிக் கோப்பில் ஒரு குறிப்பும் எழுதினேன். குறிப்பு நன்றாகவே இருந்தது, எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். 'குறைந்தது 20 கிலோகிராம்' என்று திருத்தப்பட்டு ஒப்பந்தப்புள்ளி வெளியாயிற்று. தகுதியுடையோருள் மிகக் குறைந்த விலை சொன்னவரின் 20 கிலோகிராம் கரம் வந்து சேர்ந்தது.

பொறியாளர்கள் மனத்தில் வைத்திருந்தது இரட்டைப் பற்றுக்கருவி. ஒரு பக்கத்தில் புதிய வட்டைப் பிடித்தபடி சென்று, மறுபக்கத்தால் முடிந்த வட்டை எடுத்து, உடனே திரும்பிப் புதியதை வைத்துவிட்டு வரும் அமைப்பு அது. புதிய வட்டு 4.5, கடைந்து முடிந்த வட்டு 3.5, பற்றுக்கருவி 9, ஆக மொத்தம் 17 கிலோகிராம், இருபதுக்குள்தான். ஆனால் லேத்தின் உட்புறத்தை எட்டும்படி பற்றுக்கருவி நீண்டிருந்தது. மொத்த எடையின் மையம் ஐந்தாம் அச்சிலிருந்து 350 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கணக்கிட்டால் திருப்புத்திறன் 58 நியூட்டன்-மீட்டர். வந்திருந்த கரத்தின் வரம்பு 44. 25 கிலோகிராம் வகையை வாங்கியிருந்தாலும் போதாது. 35 கிலோகிராம் வகை தாராளமாகத் தாங்கியிருக்கும். பொறியாளர்கள் கேட்டது வீண் ஆடம்பரம் அன்று; காரணத்தை அவர்கள் கோப்பில் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை.

முடிவில் ஒற்றைப் பற்றுக்கருவியோடு வேலை நடந்தது. வட்டை மாற்ற 9 நொடிகள் ஆக வேண்டிய இடத்தில் 22 நொடிகள் ஆயின. லேத்தின் கடைசல் நேரம் 70 நொடி. ஆகவே ஒரு வட்டுக்கு 79 நொடி என்பது 92 நொடி ஆயிற்று. எட்டு மணி நேரப் பணிமுறையில் 364 வட்டுகள் வர வேண்டியதற்கு 313 வட்டுகளே வந்தன. விலையில் நாம் மிச்சம் பிடித்த தொகையை உற்பத்தி இழப்பு சில மாதங்களில் விழுங்கிவிட்டது. தணிக்கையில் எவரும் இதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு விதிமீறல் ஏதும் நிகழவில்லையே!

மீள்துல்லியம் என்னும் எண்

தேர்வுக் குழுக்களை மிகவும் மயக்கும் எண் இது. ஒருமுறை கற்பித்த இடத்துக்குக் கரம் மீண்டும் மீண்டும் எவ்வளவு நெருக்கமாக வந்து நிற்கிறது என்பதையே மீள்துல்லியம் என்கிறோம். இதை அளக்கும் முறையை ஐஎஸ்ஓ 9283 என்னும் சர்வதேசத் தரநிர்ணயம் வகுத்துள்ளது. கரம் இயங்கும் வெளியில் கற்பனையான ஒரு கனசதுரத்துக்குள் ஐந்து புள்ளிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் முப்பது முறை கரத்தை அனுப்பி, நிற்கும் இடங்களின் சிதறலை அளக்கிறார்கள். சராசரி விலகலோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் கிடைப்பது மீள்துல்லியம். புள்ளியியல் பயின்ற மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஏட்டில் உள்ள எண் இம்முறைப்படி அளந்ததுதானா, எவ்வளவு சுமையோடு, எவ்வளவு வேகத்தில் அளந்தது என்று தெரியாத வரையில் 0.02ஐயும் 0.04ஐயும் ஒப்பிடுவது ஆதாரமற்றது. யஸ்காவா ஜிபி25 கரத்துக்கே முன்னர் 0.06 என்று அச்சிடப்பட்டிருந்தது. பின்னர் ஐஎஸ்ஓ முறைக்கு மாறிய போது 0.02 ஆயிற்று. இயந்திரம் மாறவில்லை, அளக்கும் முறை மாறிற்று. மற்றொரு செய்தி, மீள்துல்லியம் வேறு, துல்லியம் வேறு என்பது. கணினியில் வரைந்த ஆயத்தொலைவு ஒன்றைக் கொடுத்து அங்கே போ என்றால், தனியாக அளவு திருத்தம் செய்யப்படாத கரம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் தவறக் கூடும். கையால் கற்பித்த இடத்துக்குத் திரும்பி வருவதே அதன் பலம். கணினியில் நிரல் எழுதி நேரடியாகப் பயன்படுத்த எண்ணுபவர்கள் மீள்துல்லியத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நம் வார்ப்பிரும்பு வட்டுக்கோ இந்த வேறுபாடு எதுவும் பொருட்டே அன்று. லேத்தின் சக் தன் தாடைகளால் வட்டைப் பற்றும்போது அதுவே மையப்படுத்திக்கொள்கிறது. மில்லிமீட்டரில் பத்திலிரண்டு பங்கு தவறினாலும் வேலை கெடாது. அதற்கு ஐந்தில் ஒரு பங்கு துல்லியமும் பத்தில் ஒரு பங்கு துல்லியமும் ஒன்றுதான்.

வேகமும் எட்டும் தூரமும்

வேகத்தைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. மேற்சொன்ன ஜப்பானியக் கரங்கள் இரண்டிலும் முதல் அச்சின் உச்ச வேகம் நொடிக்கு 210 பாகை. அந்த உச்சத்தைக் கரம் எட்டுவது நீண்ட வீச்சுகளில் மட்டுமே. குறுகிய அசைவுகளில் முடுக்கமே நேரத்தைத் தீர்மானிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது நொடிகள் கடையும் லேத்துக்கு முன் நிற்கும் கரம் பெரும்பொழுது காத்துக்கொண்டே இருக்கிறது. வட்டு மாற்றும் 9 நொடிகளைத் தவிர, மற்ற அசைவுகளில் எவ்வளவு விரைந்தாலும் ஒரு வட்டுகூட அதிகமாக வராது. தடை எங்கே இருக்கிறதோ அங்கே செலவிடும் பணமே உற்பத்தியைக் கூட்டும் என்பது பொருளாதார மாணவர்கள் நன்கறிந்த செய்தி.

எட்டும் தூரம் அவ்வாறன்று. பற்றாமற் போனால் வேலையே நடவாது. எனினும் 1,813க்கும் 1,831க்கும் இடையே உள்ள 18 மில்லிமீட்டருக்கு மதிப்பெண் வழங்குவது வேடிக்கை. பீடத்தைச் சற்றே நகர்த்தினால் அது மறைந்துவிடும். மேலும் இந்தத் தூரம் மணிக்கட்டு மையம் வரை அளக்கப்படுவது. முழுவதும் நீண்ட நிலையில் கரத்தால் கருவியை விரும்பிய கோணத்தில் திருப்ப இயலாது. ஆகையால் எண்ணைப் பார்ப்பதைவிட, தொழிற்கூடத்தின் தரை வரைபடத்தைக் கொடுத்து, எல்லா நிலைகளையும் கரம் தடையின்றி எட்டுகிறது என்பதைக் கணினி உருவகத்தில் காட்டுமாறு விற்பவரைக் கேட்பதே முறை. இதை எல்லாப் பெரிய நிறுவனங்களும் செய்து தருகின்றன.

இங்கு நம் நாட்டுக்கே உரிய ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இத்தகைய கரங்களில் பல, சுற்றுப்புற வெப்பம் 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடங்களுக்கென வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்தில் நாகபுரியிலோ ஜான்சியிலோ தகரக் கூரையின் கீழ் என்ன வெப்பம் நிலவும் என்பதை அங்கே பணியாற்றியவர்கள் அறிவர். அதிலும் கட்டுப்பாட்டுப் பெட்டி கரத்தைவிட வெப்பத்துக்கு அஞ்சுவது. பெட்டிக்குக் குளிரூட்டி வேண்டுமெனில் அதையும் விலைப்புள்ளியில் கேட்க வேண்டும். மின்சாரமும் அவ்வாறே. நம் தொழிற்கூடங்களில் 415 வோல்ட் மும்முனை மின்சாரம். ஜப்பானியக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் சில 200 வோல்ட்டில் இயங்குபவை. இடையே வரும் மின்மாற்றியின் விலை சிறிதுதான். ஆயினும் ஒப்பந்தத்தில் சொல்லப்படாத மின்மாற்றிக்காக இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து நடந்ததைக் கண்டிருக்கிறேன்.

விலைக்கு அப்பால்

கரத்தின் விலை, முழு அமைப்பின் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு என்றே கொள்ளப்படுகிறது. பற்றுக்கருவி, பாகங்களை வரிசைப்படுத்தித் தரும் மேசை, பாதுகாப்பு வேலி, நிரல் எழுதுதல், நிறுவுதல் ஆகியவற்றில் மற்ற இரு பங்கும் செல்கின்றன. 'செல்' என்று தொழிற்கூடங்களில் வழங்கும் இம்முழு அமைப்பையே வாங்குகிறோம். கரம் அதன் ஓர் உறுப்பு. கரத்தின் விலையில் பத்து சதவீதம் குறைத்தாலும் மொத்தத்தில் அது மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவே.

கணக்கு விளங்கும் பொருட்டு, கற்பனையான இரு அமைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் விலை 55 லட்சம் ரூபாய். ஆண்டுப் பராமரிப்பு 80,000 ரூபாய். பழுதால் ஆண்டுக்கு 40 மணி நேரம் நிற்கும். இரண்டாவதன் விலை 58 லட்சம். ஆண்டுப் பராமரிப்பு ஒரு லட்சம். பழுதால் நிற்பது 12 மணி நேரம். கரம் நின்றால் உற்பத்தி வரிசை இழப்பது மணிக்கு 6,000 ரூபாய் என்க. முதலாவதற்கு ஆண்டுச் செலவு 3.20 லட்சம், இரண்டாவதற்கு 1.72 லட்சம். பத்து ஆண்டுகளுக்கு, நூற்றுக்குப் பத்து வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பெருக்க வேண்டிய எண் 6.145. இவ்வாறு கணக்கிட்டால் முதலாவதன் மொத்தச் செலவு 74.66 லட்சம், இரண்டாவதன் செலவு 68.57 லட்சம். மூன்று லட்சம் மலிவானதாகத் தோன்றியது ஆறு லட்சம் விலை உயர்ந்ததாக முடிகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயன்மிக்க ஒரு விடை கிடைக்கிறது. இரண்டாவது கரம் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் குறைவாக நின்றால் கூடுதல் விலை ஈடாகும்? ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம். அதாவது ஒன்றரைப் பணிமுறை. விற்பவரின் பழுது நீக்குநர் அதே நகரில் இருக்கிறாரா, வேறு மாநிலத்திலிருந்து ரயில் ஏறி வர வேண்டுமா என்பதிலேயே இந்த வேறுபாடு அடங்கிவிடும்.

ஆனால் இவ்விடையை எல்லோருக்கும் பொதுவாக்கக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கரம் ஒரு மணி நேரம் நின்றால் ஏற்படும் இழப்பை ஆயிரம் ரூபாய் என்று வைத்தால், கூடுதல் விலை ஈடாவதற்கு ஆண்டுக்கு 69 மணி நேரம் மிச்சப்பட வேண்டும். அங்கே மலிவான கரமே சரியான கரமாகக் கூடும். மாணவர் பயில வேண்டிய நிரல் மொழி எது என்பதே அங்கு பெரிய கேள்வி. ஃபனுக் கரத்துக்கு ஒரு மொழி, ஏபிபிக்கு 'ராப்பிட்', கூக்காவுக்கு 'கேஆர்எல்', யஸ்காவாவுக்கு 'இன்ஃபார்ம்' என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழி. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் எந்தக் கரம் ஓடுகிறதோ அதன் மொழியைக் கற்ற மாணவனுக்கே வேலை கிடைக்கும். விவர ஏட்டை ஆராய்வதற்கு முன் அம்மாவட்டத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒருமுறை சென்று வருவது நல்லது.

மின்சாரச் செலவைப் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவர். சராசரியாக ஒரு கிலோவாட் என்று கொண்டு, நாளைக்குப் பதினாறு மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் ஓடினால் 4,800 யூனிட்; யூனிட் எட்டு ரூபாய் என்றால் 38,400 ரூபாய். இதில் பத்து சதவீதம் மிச்சம் என்பது நாலாயிரத்துக்கும் குறைவு. பேச்சுக்கு ஏற்ற பொருளே தவிர, தேர்வைத் தீர்மானிக்கும் பொருளன்று.

ஒப்பந்தப்புள்ளிப் பத்திரம்

அரசு அலுவலகங்களில் ஓர் எண்ணம் நிலவுகிறது: மிகக் குறைந்த விலையையே ஏற்றாக வேண்டும், ஆகவே தேர்வு என்பதே நம் கையில் இல்லை என்று. இது பாதி உண்மை. விலைப்புள்ளிகளைத் திறந்த பின்னர் நம் கையில் ஏதும் இல்லை என்பது சரி. பத்திரத்தில் சொல்லாத அளவுகோலைக் கொண்டு மதிப்பிடவும் கூடாது. ஆனால் பத்திரத்தை எழுதும்போது எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 144ஆம் விதி, தேவைக்கு மிஞ்சியதைத் தவிர்க்கச் சொல்லும் அதே இடத்தில், நிறுவனத்தின் குறிப்பான தேவையைத் தெளிவாக எழுதவும் சொல்கிறது. நான் முன்பு எடுத்துக்காட்டியது அதன் ஒரு பாதியை மட்டுமே.

'சுமைதிறன் குறைந்தது 20 கிலோகிராம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, வட்டின் வரைபடத்தையும் எடையையும், பற்றுக்கருவி எட்ட வேண்டிய ஆழத்தையும், ஒரு வட்டை மாற்ற அனுமதிக்கும் நேரத்தையும் கொடுத்து, மணிக்கட்டின் ஒவ்வோர் அச்சுக்கும் வரும் திருப்புத்திறன் அதன் வரம்பில் இத்தனை சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்று எழுதலாம். அதன்பின் எவர் என்ன பெயரில் எத்தனை கிலோகிராம் கரத்தைக் கொடுத்தாலும் கவலையில்லை. ஒரே நிறுவனத்துக்கு ஏற்றவாறு எழுதினார்கள் என்ற பழியும் வராது. ஏடுகளிலிருந்து எண்களை நகல் எடுத்து எழுதும்போதுதான் அந்தப் பழி வருகிறது. 1,831 மில்லிமீட்டர் எட்ட வேண்டும் என்று ஒரு பத்திரம் கேட்டால், அது யாருடைய ஏட்டிலிருந்து வந்தது என்பதைத் துறை அறிந்தவர்கள் நொடியில் சொல்லிவிடுவர்.

பராமரிப்புச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொணர்ந்து ஒப்பீட்டில் சேர்ப்பதற்கு இடமுண்டு. பத்திரத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே. பழுதால் நிற்கும் நேரத்தை அவ்வாறு சேர்க்க இயலாது, ஏனெனில் அது விற்பவரின் வாய்ச்சொல்லாகவே இருக்கும். அதை நிபந்தனையாக்க வேண்டும்: புகார் செய்த எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், எந்தெந்த உதிரிப் பாகங்கள் நாட்டுக்குள் இருப்பில் இருக்க வேண்டும், தாமதத்துக்கு என்ன தண்டத்தொகை என்று. மேலே கண்ட மணிக்கு 6,000 ரூபாய் என்னும் கணக்கு அந்தத் தண்டத்தொகையை நிர்ணயிக்கவும் உதவும்.

பத்து ஆண்டுகளுக்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதும் இத்துறையில் கேட்க வேண்டிய கேள்வியே. கூக்காவின் பெரும்பங்குகளைச் சீனாவின் மிடியா குழுமம் 2016-17இல் வாங்கியது. ஏபிபியின் ரோபோ பிரிவை வாங்குவதற்கு ஜப்பானின் சாஃப்ட்பேங்க் குழுமம் ஒப்பந்தம் செய்துகொண்டதாக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. உரிமை மாறுவதால் தரம் குறையும் என்று கொள்ள வேண்டியதில்லை. உதிரிப் பாக வாக்குறுதி எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

கரத்தின் அருகே நிற்பவர்

இதுவரை கூறியவற்றில் தொழிலாளி வரவில்லை. முன்னர் அந்த லேத்தின் முன் நின்றவர் ஒரு பணிமுறையில் 364 வட்டுகளை ஏற்றி இறக்கினால், அவர் கைகள் தூக்கும் மொத்த எடை ஏறத்தாழ 2.9 டன். அந்தச் சுமையைக் கரம் வாங்கிக்கொள்வதில் வருத்தப்பட ஏதுமில்லை. ஆனால் அவர் எங்கே போகிறார் என்பது பத்திரம் எழுதும்போதே முடிவாக வேண்டும். மூன்று நாள் பயிற்சி என்று ஒரு வரி எழுதி, பயிற்சிக்கு உதவிப் பொறியாளரை மட்டும் அனுப்பி, அவர் ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போனால், கரத்தை அறிந்தவர் எவரும் கூடத்தில் மிஞ்சுவதில்லை. லேத்தை இருபது ஆண்டுகள் இயக்கியவருக்குப் பாகம் சரியாக உட்கார்ந்ததா என்பது ஓசையிலேயே தெரியும். கற்பிக்கும் பலகையைக் கையில் கொடுத்தால் அவர் பொறியாளரைவிட விரைவில் கற்றுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

பாதுகாப்பிலும் அவரே நடுவில் இருக்கிறார். 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை ஒன்றில், இயந்திரக் கரம் தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இயந்திரக் கரத்தால் நேர்ந்த முதல் மரணம் என்று குறிக்கப்படுவது அதுவே. ஐஎஸ்ஓ 10218 என்னும் தரநிர்ணயத்தின் முதற்பகுதி கரத்தைச் செய்பவருக்கும், இரண்டாம் பகுதி முழு அமைப்பை உருவாக்குபவருக்கும் கடமைகளை வகுக்கிறது. 2025இல் இரண்டும் திருத்தி வெளியிடப்பட்டன. கற்பிக்கும் நிலையில் கரம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. முதற்பகுதிச் சான்றிதழை எல்லோரும் காட்டுவர். இரண்டாம் பகுதியையும் கேட்க வேண்டும், ஏனெனில் வேலியும் கதவுப் பூட்டும் அதில்தான் வருகின்றன.

கடைசியாக, மிகச் சிறிய ஒரு பொருள். கரத்தின் மூட்டுகள் தாம் நிற்கும் கோணத்தை மின்சாரம் இல்லாதபோதும் மறவாதிருக்கச் சில மின்கலங்கள் உள்ளே இருக்கின்றன; டார்ச் விளக்கில் போடுவது போன்றவை. நீண்ட விடுமுறையில் மின்சாரம் நிறுத்தப்பட்டு அவை தீர்ந்துபோனால், கரம் தன் பூச்சிய நிலையை மறந்துவிடும். அதை மீண்டும் நிலைநிறுத்தத் தெரிந்தவர் இல்லாவிடில், ஐம்பது லட்சம் ரூபாய் அமைப்பு ஒரு வாரம் சும்மா நிற்கும். மின்கலத்தின் வகை எண்ணையும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுவதும், பூச்சிய நிலையை மீட்கும் முறையை இயக்குபவர் இருவருக்கேனும் செய்து காட்டுவதும் விற்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு எந்த நிறுவனமும் தனிக் கட்டணம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.